தோம்யாம் கடையில் மல்லிகைச் சரம் போட்ட படம்: பாடகி பும்புவாங் துவாங்ஜான் யார்?

கேள்வி: பீடோங் தையற்கடை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலம் பீடோங் கடைவீதியில் ஒரு சிறு தையற்கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பக்கத்துக் கடை ஒரு தோம்யாம் கடை, அதாவது தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை. அதை நடத்துபவர் கெடாவிலேயே பிறந்து வளர்ந்த சயாமியப் (தாய்லாந்து வழி வந்த) பெண்மணி; என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றே அழைக்கிறேன். அவருடைய கல்லாவுக்கு மேலே இரண்டு படங்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்று வயதான புத்த பிக்குவின் படம். மற்றொன்று, சுருட்டிவிட்ட கூந்தலோடு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஓர் இளம்பெண்ணின் படம். இரண்டுக்கும் ஒரே அளவு மல்லிகைச் சரம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் ஊதுபத்தி.

தொழில் புத்தி என்பதால் என் கண் முதலில் அந்தச் சட்டையின் மீதுதான் போனது. தோள்பட்டையில் பஞ்சு வைத்து உயர்த்தி, மார்புப் பகுதி முழுக்க ஜிகினாவை வரிசை தப்பாமல் தைத்திருந்தார்கள். எண்பதுகளில் இங்கேயும் கல்யாண வீடுகளில் பார்த்த வெட்டு. இவர் யார் என்று கேட்டதற்கு, "பும்புவாங் துவாங்ஜான், எங்கள் லூக் துங் ராணி" என்று அக்கா சொன்னார். அதற்குள் சாப்பாட்டு நேரத்துக் கூட்டம் வந்துவிட்டதால் பேச்சு அங்கேயே நின்றது.

இன்னொரு செய்தியும் உண்டு. என் தாயாருக்கு வயது எழுபத்தொன்று; முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மதியத்தில் கடைக்கு வந்து எனக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். பக்கத்துக் கடையில் சயாம் பாட்டு ஓடினால், மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் இவரும் சேர்ந்து முனகுகிறார். குறிப்பிட்ட ஒரு மெட்டை, பாட்டு ஓடாத நேரத்திலும், தொடக்கத்திலிருந்து முடிவுவரை தப்பாமல் முனகுகிறார். எங்கே கேட்டது என்றால், எப்போதோ காதில் விழுந்தது என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

இந்தப் பாடகி யார், ஒரு பாடகியின் படத்தைப் பிக்குவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஏன் வணங்குகிறார்கள், லூக் துங் என்பது நம்முடைய தெம்மாங்கு போன்றதா சினிமாப் பாட்டு போன்றதா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: எல்லை தாண்டிப் பிழைத்தவன்

வணக்கம் சகோதரி. பேங்காக்கில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் மேற்பார்வையாளனாக வேலை பார்த்தேன். என் பிரிவில் வேலை செய்த பெண்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். இரவு வேலையில் அவர்கள் ஒலிபெருக்கியில் போடுவது இந்த அம்மையாரின் பாட்டுகளைத்தான். ஆகவே அவரைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள எனக்கு நேரம் நிறையவே கிடைத்தது.

இயற்பெயர் ரம்புங் சித்ஹான். 1961 ஆகஸ்ட் 4 அன்று மத்திய தாய்லாந்தின் சாய்நாட் மாநிலத்தில் பிறந்து, சுபன்புரி மாநிலத்தின் சோங் பி நோங் வட்டாரத்தில் வளர்ந்தவர். பெற்றோர் கரும்புத் தோட்டக் கூலிகள். பன்னிரண்டு பிள்ளைகளில் ஐந்தாமவர். ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றது. கரும்பு வெட்டவும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மணியைக் கேட்ட அக்காமார் நம் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) எத்தனை பேர் இருந்தார்கள் என்பது உங்கள் தாயாருக்குத் தெரியும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறியவர், பாட்டுகளை முழுக்கக் காதால் கேட்டு மனப்பாடம் செய்தார். சிறுமியாக இருந்தபோதே ஊர்த் திருவிழாப் பாட்டுப் போட்டிகளில் பாடிப் பரிசு பெற்றிருக்கிறார். பதினைந்து வயதை ஒட்டிய காலத்தில், அதே சுபன்புரியைச் சேர்ந்த புகழ்பெற்ற பாடகர் வாய்போத் பெட்சுபன் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். முதலில் மேடையின் பின்வரிசையில் ஆடும் பெண்களில் ஒருவர். பிறகு இடையிடையே பாடுபவர். அதன் பின்னரே இசைத்தட்டு. இன்று உலகம் அறிந்த பெயர் அதற்கும் பிறகு வைத்தது. துவாங்ஜான் என்றால் நிலவு.

லூக் துங் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வயலின் பிள்ளை' என்று வரும். 1964ஆம் ஆண்டு தாய்லாந்துத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சிக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பே இருந்த நாட்டுப்புறச் சாயல் பாட்டுகளுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நகரத்து மெல்லிசைக்கு 'லூக் குருங்', அதாவது நகரத்தின் பிள்ளை, என்று பெயர். வயலில் வேலை செய்பவன், பேங்காக்குக்குப் போன காதலி, தொழிற்சாலையில் சிக்கிக்கொண்ட தங்கை, அறுவடை முடிந்தும் அடையாத கடன் என்று லூக் துங் பேசுவதெல்லாம் இவர்களைப் பற்றியே. பும்புவாங் புகழடைந்த எழுபதுகளின் இறுதியும் எண்பதுகளும், கிராமத்துப் பெண்கள் பேருந்து பேருந்தாகப் பேங்காக்குக்கு இறங்கிய காலம். 'நக் ரோங் பான் நோக்', அதாவது 'நாட்டுப்புறத்துப் பாடகி', என்பது அவருடைய பெயர்பெற்ற பாட்டு. நட்சத்திரமாகும் ஆசையோடு ஊரைவிட்டுக் கிளம்பும் ஏழைப் பெண்ணின் பாட்டு அது. என் பிரிவுப் பெண்கள் அந்தப் பாட்டு வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

முடிவு துயரமானது. லூபஸ் என்ற நோய் அவரைப் பிடித்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய் அது. சிறுநீரகம் கெட்டது. 1992 ஜூன் 13 அன்று வடக்கே பித்சனுலோக் நகர மருத்துவமனையில் இறந்தார். வயது முப்பதுதான், முப்பத்தொன்று நிறைய இரண்டு மாதம்கூட இல்லை. அத்தனை சம்பாதித்தவர் கடைசி நாள்களில் மருத்துவத்துக்கே பணத்தட்டுப்பாட்டில் இருந்தார் என்பதும், வருமானத்தின் பெரும்பகுதி சுற்றியிருந்தவர்கள் கைக்குப் போய்விட்டது என்பதும் தாய்லாந்தில் பரவலாகப் பேசப்படுபவை. அதே ஆண்டு ஜூலை 25 அன்று நடந்த தகனச் சடங்கில் இளவரசி சிரிந்தோன் நேரில் கலந்துகொண்டார். கரும்பு வெட்டிய வீட்டுப் பெண்ணின் சிதைக்கு அரச குடும்பத்திலிருந்து வந்தார்கள் என்பதை என் தொழிற்சாலைப் பெண்கள் தங்கள் வீட்டுப் பெருமைபோலச் சொல்வார்கள்.

மறுமொழி 2: திருவிழா கீபோர்டு

வணக்கம் அக்கா. கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் வாசிக்கும் இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அண்ணன் வாழ்க்கையை முழுமையாக எழுதிவிட்டார். பாட்டைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

தெம்மாங்கா சினிமாப் பாட்டா என்று கேட்டிருந்தீர்கள். தெம்மாங்கைச் சினிமா வாத்தியங்களோடு மேடையேற்றினால் கிடைப்பதற்கு நெருக்கம் என்று சொல்லலாம். அடியில் இருப்பது அந்த வட்டாரத்து நாட்டுப்பாட்டு. மேலே டிரம்பெட், சாக்சபோன், அக்கார்டியன், டிரம் எல்லாம் வந்து ஏறிக்கொண்டன. குரலை ஓர் எழுத்தின் மீது நிறுத்தி அசைத்து இழுப்பதற்கு அவர்கள் 'லூக் கோ' என்கிறார்கள். நம் கமகத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் இது தொண்டையில் இன்னும் ஆழத்திலிருந்து, கொஞ்சம் விம்மலோடு வருகிறது. தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள் இருக்கின்றன. ஒரே அசையை ஏற்றியோ இறக்கியோ சொன்னால் பொருளே மாறிவிடும். ஆகவே மெட்டுப் போடுபவர் இஷ்டத்துக்குச் சுரத்தை ஏற்ற முடியாது. மெட்டு பேச்சோடு இசைந்து போக வேண்டும். வார்த்தை புரியாதவர்களுக்குக்கூட அந்தப் பாட்டுகள் யாரோ நம்மிடம் பேசுவதுபோலத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். உங்கள் தாயார் மொழி தெரியாமல் முனகுவதில் எனக்கு வியப்பே இல்லை.

பும்புவாங் செய்த பெரிய மாற்றம் எண்பதுகளின் நடுவில் வந்தது. லோப் புரிரத் என்ற பாடலாசிரியர் அவருக்காக எழுதிய பாட்டுகளில் தாளம் வேகமானது, டிஸ்கோவும் மின்னிசையும் நுழைந்தன. அதைவிட முக்கியமாக, பாட்டில் வரும் பெண் மாறிவிட்டாள். அதுவரை அவள் பெரும்பாலும் காத்திருப்பவள், கைவிடப்பட்டவள், அழுபவள். இப்போது அவளே கேலி செய்கிறாள், 'கொஞ்சம் நெருங்கித்தான் வாயேன்' என்று அவளே கூப்பிடுகிறாள். ஜிகினாச் சட்டையும், பின்னால் இறகு வைத்த உடையில் வரிசையாக ஆடும் பெண்களும், பாட்டுக்குப் பாட்டு உடைமாற்றமும் இந்தக் கட்டத்தில் இன்னும் பெருகின. ஒரு குழு என்றால் பாடகர், வாத்தியக்காரர், ஆட்டக்காரர், சமையல்காரர், ஒலிபெருக்கிப் பெட்டி, மேடைப் பலகை என்று லாரியிலும் பேருந்திலுமாக ஒரு சிற்றூரே நகரும். கோயில் திருவிழா நடக்கும் திடலில் ராத்திரி முழுக்க ஆட்டம். ஒரு மாருதி வேனில் எட்டுப் பேரும் நான்கு பெட்டியுமாகப் போய் இறங்கும் என் போன்றவனுக்கு அதைக் காணொளியில் பார்க்கும்போது பெருமூச்சுத்தான் வருகிறது. கூட்டம் வேகப் பாட்டைத்தான் கேட்கும். ஆனால் என் ஓட்டு அவருடைய மெதுவான பாட்டுகளுக்கே. குரலில் ஒளிந்துகொள்ள இடமில்லாத பாட்டுகள் அவை.

அண்ணன் எழுதியதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. எழுத்தறிவு இல்லாததை ஒரு குறையாக மட்டும் பார்த்துவிடக் கூடாது. தாளைப் பார்த்துப் பாடுகிறவனுக்கு வரி கண்ணில் இருக்கும். காதால் கற்றவருக்கு வரியோடு மூச்சு எங்கே விழுகிறது, எந்த எழுத்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் சேர்ந்தே மனத்தில் தங்கும். எங்கள் குழுவில் நாதசுரம் வாசிக்கும் பெரியவருக்குச் சுரம் எழுதத் தெரியாது. அவர் விட்ட இடத்தை நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் நான் பிடிக்க முடிந்ததே இல்லை.

மறுமொழி 3: எல்லை தாண்டிப் பிழைத்தவன்

தம்பி, நீங்கள் சொல்வது பாட்டுக்குச் சரி. காதால் கேட்டு நூற்றுக்கணக்கான பாட்டுகளை மனத்தில் ஏற்றிக்கொண்டவர் தம் ஒப்பந்தத்தை அப்படி ஏற்றிக்கொள்ள முடியாது. யாராவது வாசித்துக் காட்டினால் அவர் வாசித்ததே ஒப்பந்தம். என் தகப்பனார் சம்பளப் பட்டியலில் பெருவிரலை வைத்துவிட்டு, என்ன பிடித்தார்கள் என்று அடுத்த வீட்டுப் பையனிடம் கேட்பார். இதை நினைத்துத்தான் அந்தப் பத்தியை எழுதினேன்.

மறுமொழி 4: பழைய கிராணி

அன்புள்ள பீடோங் மகளுக்கு. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேலே தம்பி எழுதிய பெருவிரல் பட்டியலை வைத்திருந்தவர்களில் ஒருவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வணங்குவது ஏன் என்ற கேள்விக்கு நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சயாம் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். 1943இல் ஜப்பானியர் என் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், கும்பிட ஒரு கல்லாவது கிடைக்குமா என்று கஞ்சனபுரிக்குப் போனேன். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. நம்மவருக்கு அப்படி எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை. திரும்பும் வழியில் வேன் ஓட்டுநர், பக்கத்து மாநிலமான சுபன்புரியில் தாம் வழக்கமாக நிற்கும் கோயில் ஒன்று உண்டு, ஒரு மணி நேரம் தர முடியுமா என்று கேட்டார். அப்படித்தான் சோங் பி நோங் வட்டாரத்திலுள்ள வாட் தப் கிரதானுக்குப் போனேன். பும்புவாங்கின் தகனம் நடந்த புத்தக் கோயில் அது. (சோங் பி நோங் என்றால் 'உடன்பிறந்த இருவர்' என்று பொருளாம். சுபன்புரி நம் சுவர்ணபுரி; அவர் இறந்த பித்சனுலோக் நம் விஷ்ணுலோகம். ஊர்ப்பெயர்களைக் கேட்டால் அந்நிய நாடு போலவே இருப்பதில்லை.)

அங்கே அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உருவச்சிலைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அலங்காரம். காலடியில் பூவும் ஊதுபத்தியும் இருப்பதில் வியப்பில்லை. அவற்றோடு முகப்பவுடர் டப்பா, உதட்டுச் சாயம், சீப்பு, மடிப்புக் கலையாத புது உடைகள். நம் அம்மன் கோயிலில் மஞ்சள், வளையல், கண்ணாடி வைப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் பலர் லாட்டரி எண் கேட்டுத்தான் வருகிறார்கள். அங்கே மாதம் இருமுறை, முதல் தேதியும் பதினாறாம் தேதியும், குலுக்கல். நாலு நம்பருக்காக முனியாண்டி கோயிலில் கோழி நேர்ந்துகொண்டவர்களை நாற்பது ஆண்டு பார்த்தவன் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடனிலேயே பிறந்த ஒருத்தி, நம் கடன் தெரிந்தவள், கைவிட மாட்டாள் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஓட்டுநர் மட்டும் எண் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு புதுச் சீப்பை எடுத்து வைத்துவிட்டு வண்டிக்கு வந்துவிட்டார். மகளுக்குப் பரீட்சை என்றார்.

நானும் ஓர் ஊதுபத்தி ஏற்றினேன். தாத்தாவுக்காக என்று மனத்தில் நினைத்துக்கொண்டேன். அது முறையா என்று தெரியாது. அந்தப் பக்கத்தில் எனக்குக் கிடைத்த இடம் அதுதான்.

உங்கள் தாயார் முனகும் மெட்டைப் பற்றி ஒன்று. பும்புவாங் முன்னுக்கு வந்தபோது உங்கள் தாயாருக்கு இருபத்தைந்து வயதை நெருங்கியிருக்கும். சிறு வயதில் காதில் விழுந்தது என்றால் அதற்கும் முந்திய ஆளாக இருக்கலாம். பக்கத்துக் கடை அக்காவிடமே பாடிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: பீடோங் தையற்கடை

எல்லாருக்கும் மிக்க நன்றி. பெரியவர் எழுதியதைப் படித்தபின் தாத்தாவைப் பற்றி எதுவும் எழுதத் தெரியாமல் இரண்டு நாள் விட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

நேற்று மூன்று மணிக்கு, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், அம்மாவைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா முதலில் வெட்கப்பட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மெட்டை முனகினார். இரண்டாவது வரி வருவதற்குள் அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார். பெரியவர் நினைத்தது சரி. அது பும்புவாங் பாட்டு இல்லை. சுரபோல் சோம்பட்ஜாரோன் என்பவர் பாடியது; 'பதினாறு ஆண்டுப் பழங்கதை' என்பதுபோல் பொருள் வரும் பாட்டு என்றார் அக்கா. அவரும் சுபன்புரிக்காரர்தானாம், லூக் துங்கின் அரசர் என்று பெயராம். 1968 ஆகஸ்டில் ஒரு கச்சேரி முடிந்து கிளம்பியபோது சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். அந்தச் செய்தி வந்த நாளில் தம் வீட்டில் உலை வைக்கவில்லை என்று தம் தாயார் சொல்லிக் கேட்டிருக்கிறாராம்.

அப்போது அம்மாவுக்குப் பதினான்கு வயது இருக்கும். பிறகுதான் மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. அவர்கள் இருந்த தோட்டத்தில் கடைசி லயத்துக்குப் பின்னால் வாய்க்கால்; வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சயாமியர் வயல்; வயலை ஒட்டிய வீட்டில் பேட்டரி ரேடியோ. வேலைக்காட்டிலிருந்து வந்து பால் வாளியை வாய்க்காலில் கழுவும்போது அங்கே பாட்டு ஓடிக்கொண்டே இருக்குமாம். அந்த வீட்டுப் பெண்ணும் இந்தக் கரையில் இவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்களே தவிர, பேச மொழி இல்லை.

படத்தில் இருக்கும் சட்டையைத் தைத்துத் தர முடியுமா என்று அக்கா கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் சோங் பி நோங் போகும் உறவினரிடம் கொடுத்தனுப்பப் போகிறாராம். அளவு என்ன என்று கேட்டேன்; சிலைக்கு அளவு யாருக்குத் தெரியும், உன் அளவுக்கே தை என்று சொல்லிவிட்டார். ஜிகினா சுங்கைப்பட்டாணியில்தான் வாங்க வேண்டும். காஜா மட்டும் தான்தான் எடுப்பேன் என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.